பின்சுவரில் ஒரு பிடி சோறு

1

எங்கள் கடைக் கதவில் மூன்று நாளாக ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மலாயில் கொட்டை எழுத்தில் 'டித்துத்துப்' என்று போட்டிருக்கிறது. மூடப்பட்டது என்று அர்த்தம். அதற்குக் கீழே பொடி எழுத்தில் பதினான்கு நாள், சட்டம், பிரிவு என்று என்னென்னவோ இருக்கிறது. அந்தத் தாளைக் கிழித்தால் தொலைந்தோம் என்பது மட்டும் எனக்குப் படிக்காமலேயே புரிகிறது.

நான் மன்னார்குடிப் பக்கத்து ஆள். இருபத்தேழு வருஷமாக மலேசியாவில், ஈப்போவில் சமைக்கிறேன். ஊருக்குள்ளேயே சிலிபின் பகுதியில் சொந்தமாக வாழையிலைச் சாப்பாட்டுக் கடை போட்டுப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. பெருந்தொற்றில் ஊரே அடைந்து கிடந்தபோதுகூட நாங்கள் பொட்டலம் கட்டி விற்றோம். என் மனைவி மல்லிகா செத்தபோது பதினாறு நாள் அடுப்பு அணைந்திருந்தது. அதற்குப் பிறகு இப்போதுதான்.

காலையில் நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. குளித்துவிட்டுக் கடைக்கு நடந்துபோய்ப் பூட்டின கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கிறேன். பக்கத்து ஊரான பத்து காஜாவில் இருந்து சாப்பிட வருகிற ஒருத்தர் நேற்று மோட்டார் சைக்கிளை நிறுத்தித் தாளைப் படித்தார். என்னைப் பார்த்தார். "சரி மாஸ்டர், பொறவு வாரேன்" என்றார். அவர் முகத்தில் இருந்ததை நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. நேற்று தின்ற சோற்றை இன்று நினைத்துப் பார்க்கிற முகம் அது.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. போன வாரம்கூட என் தம்பி போனில், "ஒனக்கென்னண்ணே, வெளிநாட்டு முதலாளி" என்றான். முதலாளி இப்போது பூட்டின கடைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறான்.

2

இங்கே உணவுக் கடைக்கு மார்க் உண்டு. அதிகாரிகள் சொல்லாமல் வருவார்கள். கையில் ஒரு படிவம் இருக்கும். தரை, சுவர், சாக்கடை, குளிர்பெட்டி, வேலையாட்களின் நகம், தடுப்பூசிச் சீட்டு என்று கட்டம் கட்டமாகப் பார்த்து மார்க்கைக் கழித்துக்கொண்டே போவார்கள். மிஞ்சுவதை வைத்து ஏ, பி, சி என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். அதை எல்லாரும் பார்க்கிற இடத்தில் மாட்டவேண்டும்.

எங்களுக்கு எப்போதும் ஏ. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தோம். முருகன் படம், அதன் பக்கத்தில் ஏ. மல்லிகா போன பிறகு அவள் படமும் அந்த வரிசையில் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை முருகனுக்குச் சந்தனம் வைக்கும்போது நான் அந்த ஏ சான்றிதழுக்கும் ஒரு பொட்டு வைப்பேன். சிரிக்காதீர்கள். என் சாம்பாருக்குக் கிடைத்த மார்க் என்றே அதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் தொழில் பழகின மன்னார்குடி ஓட்டலுக்கு சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்தால் முதலாளி எழுந்து நின்று, "வாங்க சார், கை அலம்புங்க" என்பார். இலை போட்டுப் பரிமாறுவோம். வந்தவரை வெறும் வயிறாக அனுப்புவது எங்களுக்குத் தெரியாது. அதே பழக்கத்தில் இங்கே முதல் தடவை அதிகாரி வந்தபோது நானும் இலையைப் போட்டேன். மல்லிகா ஓடிவந்து இலையைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டாள்.

"என்னங்க, கேஸ் ஆக்கிறாதீங்க! இது லஞ்சம்னு எழுதிருவாங்க. நீங்க அடுப்புகிட்ட போங்க, நான் பேசிக்கிறேன்" என்றாள்.

அன்றிலிருந்து அதிகாரிகள் வந்தால் நான் அடுப்பு, அவள் பேச்சு என்று ஆயிற்று. அவள் பத்து காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்தவள். அப்பா அம்மா இரண்டு பேரும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். அவளுக்கு மலாய், கொஞ்சம் இங்கிலீஷ், சந்தைக்குப் போனால் சீனர்களோடு மல்லுக்கட்டும் அளவுக்குக் கண்டனீஸ் எல்லாம் வரும். என் மலாய் அடுப்படி மலாய். உப்பு, மிளகாய், கோழி, இன்னும் இரண்டு கிலோ என்பதோடு முடிந்துவிடும்.

அவள் போன பிறகு முதல் சோதனை போன வியாழக்கிழமை காலை வந்தது. பேச ஆள் இல்லை.

வந்தவள் சின்னப் பெண், தலையில் துடோங் முக்காடு கட்டியிருந்தாள். "அங்கிள்" என்று மரியாதையாகத்தான் பேசினாள். முன்பக்கம் பார்த்தாள், குளிர்பெட்டியைத் திறந்தாள், தலையாட்டினாள். அப்புறம் அரிசி மூட்டைகளை நகர்த்தச் சொன்னாள். எங்கள் கடையில் தண்ணி கலக்குகிற ஆறுமுகம் அண்ணன் நகர்த்தினார். இங்கே தண்ணி என்றால் டீ, காப்பி, மைலோ எல்லாம்தான். மூட்டைக்குப் பின்னால் எலிப் புழுக்கை. ஒன்றிரண்டு இல்லை, கடுகு கொட்டிக் கிடந்த மாதிரி. அவள் டார்ச் அடித்துக்கொண்டே அந்தத் தடத்தோடு போனாள். தடம் பின்கதவு வரை போயிற்று, கதவு இடுக்கு வழியாக வெளியே போயிற்று, பின்சந்துச் சுவரடியில் போய் முடிந்தது.

சுவரின்மேல் முந்தின நாள் நான் வைத்த இலை இருந்தது. பாதிச் சோறு, சாம்பார், மிளகாய் அரைத்து வதக்கின நெத்திலிச் சம்பல், பொரித்த மீனின் முள். பட்டப்பகலில் ஒரு எலி அந்த முள்ளை இழுத்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்தும் அது ஓடவில்லை, வீட்டுக்காரன் மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் இழுத்தது.

முந்தின நாள் மல்லிகாவின் இரண்டாவது வருஷத் திதி.

3

காக்கைச் சோற்றைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் காக்கைக்கு வைக்காமல் யாருக்கும் இலை விழாது. கடை திறந்த முதல் நாளே, உலை இறங்கியதும் முதல் பிடியைப் பின்சுவரில் வைத்து 'கா கா' என்று கத்தினேன். சுற்றுப்பட்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மல்லிகாவுக்கு அது பிடிக்கவில்லை. லயத்தில் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, விடியும் முன்னே ஓடுகிறவர்களுக்குக் காக்கையைக் கூப்பிட்டு நிற்க நேரம் ஏது? அமாவாசைக்கு வைப்பார்கள், அவ்வளவுதான்.

"ஒங்க ஊரு காக்கா வேற, இங்க உள்ள காக்கா வேற. இதுங்களுக்குக் குப்பைத்தொட்டியே சமுத்திரம் மாதிரி கெடக்கு. சோறு எதுக்கு?" என்று கேட்டாள்.

ஆறுமுகம் அண்ணன் அவள் கட்சி. "காக்காவும் நம்மள மாதிரி கப்பல்ல வந்ததுதான் மாஸ்டர். தோட்டத்துல புழு பொறுக்க வெள்ளக்காரன் கொண்டாந்தானாம். இப்ப தொல்லைன்னு சுட்டுத் தள்றாங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க அப்பா பட்டினி கெடக்கணுமா? சோறு வைக்காத கடையில நான் கரண்டி புடிக்க மாட்டேன்" என்று குதித்தேன். அதற்குமேல் அவள் பேசவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வெளிநாட்டில் வந்தும் முறையை விடாதவன் என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் இதைச் சொல்லிப் பீற்றியிருக்கிறேன். உங்களில் சிலரே கேட்டிருப்பீர்கள்.

பிறகு அவளுக்குச் சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் போயிற்று. மூன்று வருஷம் வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வந்தாள். ஒரு நாள் வரவில்லை.

அதற்குப் பிறகு என் அப்பாவுக்கு வைத்த பிடி அவளுக்கு வைக்கும் பிடி ஆயிற்று. பிடி தட்டானது, தட்டு இலையானது. காக்கைக்கு மீன் வைக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவளுக்கு நெத்திலிச் சம்பல் இல்லாவிட்டால் சோறு இறங்காது. கடலோரத்து ஹுத்தான் மெலிந்தாங்கில் இருந்து வருகிற நெத்திலியாகப் பார்த்து வாங்குவாள். உயிரோடு இருக்கும்போது சாப்பாட்டில் அது கூடாது, இது கூடாது என்று டாக்டர்கள் கட்டிப்போட்டார்கள். இப்போதாவது தின்னட்டும் என்று வைத்தேன். ஒரு காகம் மற்றதையெல்லாம் விரட்டிவிட்டு முதலில் வந்து உட்காரும். என்னைப் பார்த்துப் பயப்படாது. அவள்தான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அதனோடு பேசுவேன்.

இதையெல்லாம் அந்தச் சின்னப் பெண்ணிடம் எந்த மலாயில் சொல்வேன்? 'பூருங்' என்றேன். பறவை. மேலே கை காட்டினேன். அவள் சுவரைப் பார்த்தாள், எலியைப் பார்த்தாள், படிவத்தில் எழுதினாள். போகும்போது ஏ சான்றிதழைக் கழற்றினாள். கண்ணாடியில் இருந்த சந்தனப் பொட்டைப் பார்த்துவிட்டு ஒரு காகிதத்தால் மெதுவாகத் துடைத்து எடுத்துக்கொண்டாள். சுவரில் சதுரமாக ஒரு வெளுப்பு மிஞ்சியது.

4

ஐந்தாம் நாள் சுகாதார ஆபீசுக்குப் போனேன். அழப் போகவில்லை, சண்டைக்குப் போனேன். இத்தனை வருஷமாக ஏ வாங்கின கடையை ஒரு எலிக்காக மூடுவார்களா? ஆறுமுகம் அண்ணனை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டேன். வண்டியில் போகும்போதே, "மாஸ்டர், கொஞ்சம் பைய பேசுங்க லா" என்று இந்த ஊர் 'லா'வைச் சேர்த்துக் கும்பிட்டார்.

எண் சீட்டு எடுத்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். உள்ளே அதே பெண். நான் மேசையில் தட்டாத குறையாக, "எங்க பழைய ரெக்கார்ட எடுத்துப் பாருங்க! ஒரு கொறை உண்டா கேளுங்கண்ணே!" என்றேன். அண்ணன் அதைப் பாதியாகக் குறைத்து, தேன் தடவி மலாயில் சொன்னார்.

அவள் சரி என்று எழுந்துபோய் ஒரு கோப்பைக் கொண்டுவந்தாள். தடியான கோப்பு. எங்கள் கடையின் பத்தொன்பது வருஷமும் அதற்குள் இருந்தது. தாள் தாளாகத் திருப்பினாள். ஒவ்வொரு தாளின் கடைசியிலும் கையெழுத்துப் போட ஒரு இடம். அங்கே 'மல்லிகா' என்று ரோமன் எழுத்தில், கடைசி எழுத்தின் வாலைச் சுழித்துப் போட்டிருந்தாள். மளிகைச் சீட்டில் நான் ஆயிரம் தடவை பார்த்த சுழி. அந்த ஆபீசில், அந்தக் குளிரில், எதிர்பாராமல் பார்த்ததும் எனக்குச் சத்தம் போட வந்ததெல்லாம் மறந்துவிட்டது.

அந்தப் பெண் ஒரு வரியை விரலால் காட்டினாள். அடுத்த தாளிலும் அதே மாதிரி ஒரு வரி. அதற்கடுத்ததிலும். ஆறுமுகம் அண்ணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்க்காமல் கோப்பையே பார்த்தார்.

"என்னண்ணே போட்டிருக்கு?"

"ஒங்க மககிட்ட கேட்டுக்கிடுங்க மாஸ்டர். எனக்கு எழுத்து சரியாத் தெரியல."

தோட்டத்துக் கிளார்க்குக்கே மனு எழுதிக் கொடுத்த மனுஷன் அவர். எழுத்துத் தெரியவில்லையாம்.

அந்தப் பெண் நான் போனில் படம் எடுத்துக்கொள்ள விட்டாள். கடைசியாக, திறக்க வேண்டுமென்றால் லைசென்ஸ்காரர் நேரில் வந்து உறுதிமொழி கொடுக்க வேண்டும் என்றாள். லைசென்ஸ்காரர் நான் இல்லை. இந்த ஊரில் குடியுரிமைக்காரர் அட்டை நீலம், என் அட்டை சிவப்பு. இருக்கலாம், உழைக்கலாம், ஆனால் அந்நியன். லைசென்ஸ் முதலில் மல்லிகா பெயரில் இருந்தது, இப்போது மகள் தர்ஷினி பெயரில் இருக்கிறது. அவள் தெற்குக் கோடியில் ஜொகூர் பாருவில் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறாள். அவள் வராவிட்டால் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் இந்த ஊரில் எனக்கு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு படமும் ஒரு காகமும்தான் மிஞ்சின.

5

தர்ஷினிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மல்லிகா தமிழ்ப் பள்ளியில் போடத்தான் நின்றாள். மலாய் படித்தால்தான் பிழைப்பாள் என்று அதிலும் நான்தான் ஜெயித்தேன். இந்தக் குறிப்பை அவள் முன்னால் நீட்டினால் அவளுக்கு இது கோடும் வட்டமும்தான்.

படங்களை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். கையெழுத்துப் போட வரவேண்டும் என்பதையும் சொன்னேன். மலாயில் முணுமுணுத்துப் படித்தாள்.

"தர்ஷி, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்பா. எல்லாத்துலயும் ஒண்ணுதான் போட்டிருக்கு. கடை பின்னால செவுத்துல சோறு வைக்கிறாங்க, வைக்கக் கூடாதுன்னு சொல்லியாச்சு. அப்பறம்... வச்சத ஒடனே கழுவிட்டாங்க, செவுரு சுத்தமா இருக்கு, அதனால மார்க் கழிக்கல. இது நான் ஸ்டாண்டர்ட் ஒன்ல இருக்கும்போது எழுதினது. இது பெரிய ஸ்கூல்ல ஃபார்ம் த்ரீ படிக்கும்போது. எல்லாத்துலயும் கீழ அம்மா பஹாம்னு எழுதி சைன் வச்சிருக்காங்க."

பஹாம் என்றால் மலாயில் 'புரிந்தது' என்று அர்த்தம்.

"கழுவிட்டாங்கன்னா யாரு கழுவினா?" என்று கேட்டேன்.

"என்னப்பா கேக்குறீங்க? அம்மாதான். நீங்க சோறு வச்சிட்டு உள்ள போனதும் பத்து நிமிசம் பாப்பாங்க, காக்கா தின்னுட்டுப் போனதும் மிச்சத்த அள்ளிப்போட்டு, பிளீச் ஊத்தி செவுத்தத் தேய்ப்பாங்க. சனிக்கெழம நான்தான் ஹோஸ் புடிப்பேன். ஒங்களுக்குத் தெரியாது?"

எனக்குத் தெரியாது. பத்து மணிக்கு நான் அடுப்பைப் பார்த்து நிற்பேன், பின்கதவு என் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அவள் உள்ளே வரும்போது பிளீச் வாசம் வரும். தரை கழுவினாள் போல என்று நினைப்பேன். கை வெடித்து விரலுக்கு விரல் பிளாஸ்திரி ஒட்டியிருப்பாள். எண்ணெய் தடவு என்று சொல்லியிருக்கிறேன், வேறு எதுவும் கேட்டதில்லை.

"அம்மா ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க கத்துவீங்க. அப்பா ஊரு வுட்டு வந்தவரு, அவருக்கு இது ஒண்ணுதான் இருக்கு, வுட்டுரு, நாம கழுவிக்கலாம்னு சொல்வாங்க." அவள் குரல் மாறியது. "டயாலிசிஸ் போயிட்டு வந்த அன்னிக்குக்கூட கழுவினாங்கப்பா. கடைசி சைனப் பாருங்க. எப்படிக் கோணிக்கிட்டுப் போவுதுன்னு பாருங்க."

பார்த்தேன். சுழி இல்லை. கோடு கீழே இறங்கிக் கட்டத்துக்கு வெளியே போயிருந்தது.

"நான் சைன் பண்ண வரமாட்டேன். அந்தக் கடை வேணாம்பா. போதும் லா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பதினைந்து, இருபது தாள்களை அன்று முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சாக்கடைக்கு ஒரு கட்டம் இருக்கிறது, குப்பைத்தொட்டி மூடிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. ருசிக்கு ஒரு கட்டம்கூட இல்லை. நான் சந்தனம் வைத்துக் கும்பிட்ட ஏ என் சாம்பாருக்கு வந்தது இல்லை. அவள் செத்ததும் சோறு வைக்கிற பாதியை நான் தொடர்ந்து செய்தேன். மற்றப் பாதி இருப்பதே எனக்குத் தெரியாது. அவள் உயிரைக் கொடுத்துக் கழுவின சுவரில், அவள் பெயரைச் சொல்லியே எலி வளர்த்திருக்கிறேன். இந்தப் பாவத்துக்கு எந்தக் கோயிலில் போய் எந்த விளக்கைப் போட?

6

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சுத்தம் செய்யக் கடைக்குள் போக அனுமதி உண்டு. நானும் ஆறுமுகம் அண்ணனும் மூட்டைகளை வெளியே எடுத்துப்போட்டு எலிப் பொந்தை சிமெண்டு வைத்து அடைத்துக்கொண்டிருந்தோம். மகள் வரமாட்டாள் என்று தெரிந்தும் எதற்கு அடைக்கிறோம் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

பின்சந்தில் ஒரு வாடகை வண்டி வந்து நின்றது. தர்ஷினி. ராத்திரி பஸ்ஸில் வந்திருக்கிறாள், கண் சிவந்திருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேராகக் கேஸ் சிலிண்டர் கூண்டுக்குப் பின்னால் கையை விட்டாள். ஒரு ஆணியில் தென்னங்குச்சித் துடைப்பம் ஒன்று தொங்கியது. வெட்டிக் குட்டையாக்கின துடைப்பம், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து சாய்ந்திருந்தது. பத்தொன்பது வருஷமாக அந்தக் கூண்டில் சிலிண்டர் மாற்றுகிறவன் நான். அதை ஒரு தடவையும் பார்த்ததில்லை.

அவள் சுவரைத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் ஹோஸைப் பிடித்தேன். இரண்டு வருஷத்து மீன் எண்ணெய் சுவரில் ஊறிக் கறுத்திருந்தது, லேசில் போகவில்லை.

"இங்க குடு, நான் தேய்க்கிறேன்" என்றேன்.

"நீங்க தண்ணிய ஒழுங்காப் புடிங்க" என்றாள். அசல் அவள் அம்மாவின் அதட்டல்.

பாதியில் நிறுத்திச் சுவரிலேயே முழங்கையை ஊன்றி அழுதாள். "நான் அம்மாகிட்ட கேட்டேன்பா, ஏம்மா சும்மா இருக்கீங்க, அப்பாகிட்ட நான் சொல்றேன்னு. வேணாம்னாங்க. எனக்கு ஒங்க மேல அவ்ளோ கோவம். அதான் வேல கெடச்சதும் தூரமாப் போயிட்டேன்."

படிப்பு, சம்பளம், சிங்கப்பூர் பக்கம் என்று நான் அவளுடைய தூரத்துக்கு நூறு காரணம் வைத்திருந்தேன். பிள்ளைகள் இந்த நாட்டில் இப்படித்தான் பிரிந்து போவார்கள் என்று முன்பு ஒரு கடிதத்தில் உங்களுக்கு எழுதியிருந்தேன். அதை அடித்துவிடுங்கள். அவள் போனது என்னை விட்டு. நான் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் என் செருப்பின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஆபீசில் உறுதிமொழித் தாளை நீட்டினார்கள். கடையின் பின்புறம் பறவைக்கோ பிராணிக்கோ இனி உணவு வைக்கமாட்டோம் என்று இருந்தது. தர்ஷினி பேனாவை எடுத்தாள், கீழே வைத்தாள், மறுபடியும் எடுத்தாள்.

"ஒரு வருசம்தான்பா. லைசென்ஸ் முடிஞ்சதும் வுட்டுரணும். சரியா?"

"சரிம்மா."

அவள் கையெழுத்துப் போட்டாள். சமையல்காரர் என்ற இடத்தில் நான் போட வேண்டும். "அம்மா அந்த வார்த்தைய எப்படி எழுதுவா?" என்று கேட்டேன். அவள் என் உள்ளங்கையில் ரோமன் எழுத்து ஐந்தையும் எழுதிக் காட்டினாள். எறும்பு ஊர்கிற வேகத்தில் பார்த்துப் பார்த்து எழுதினேன். பஹாம். அதிகாரிப் பெண் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.

7

கடை திறந்து ஒரு வாரம் ஆகிறது. சி கொடுத்திருக்கிறார்கள். ஏ இருந்த வெளுப்பில் அதை மாட்டியிருக்கிறேன். அளவு ஒன்றுதான், சரியாகப் பொருந்துகிறது. வெள்ளிக்கிழமை சந்தனத்தோடு அதன் முன்னால் நின்றேன், பொட்டு வைக்க மனசு வரவில்லை. மத்தியானம் பாதி மேசை காலியாக இருக்கிறது. உள்ளே வருகிறவர்கள் முதலில் அந்த எழுத்தைப் பார்க்கிறார்கள், பிறகுதான் நாற்காலியை இழுக்கிறார்கள். சிலர் இழுப்பதில்லை. தர்ஷினி ஜொகூருக்குப் போய்விட்டாள். ராத்திரி ஒரு தடவை கூப்பிட்டு, "கழுவியாச்சா?" என்று மட்டும் கேட்கிறாள்.

பத்து மணிக்கு உலையை இறக்கி வைத்துவிட்டுப் பின்கதவைத் திறக்கிறேன். கையில் சோறு இல்லை, துடைப்பம்தான். பிளீச் ஊற்றிச் சுவரைத் தேய்க்கிறேன். தேய்ந்த பக்கம் தானாகக் கைக்கு அமைகிறது. முதல் நான்கு நாள் அந்தக் காகம் வந்தது. சுவரில் நடந்து பார்த்தது, என்னைப் பார்த்தது. கழுத்தைச் சாய்த்து அது பார்க்கும்போது நான் உள்ளே திரும்பிப் பார்ப்பேன். உள்ளே அண்டா நிறையச் சோறு ஆவி பறக்க இருக்கிறது. ஒரு பிடி அள்ளி வைக்க எத்தனை நேரம் ஆகும்? வைக்கவில்லை. நான்கு நாளும் அவளைப் பசியோடு திருப்பி அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் அது வரவில்லை. நேற்றும் வரவில்லை. இன்று கழுவி முடித்துவிட்டு எதிர்க் கூரையை வெகுநேரம் பார்த்தேன்.

விரலிடுக்கில் தோல் வெடிக்க ஆரம்பித்திருக்கிறது. பிளீச் பட்டால் எரிகிறது. இந்த எரிச்சலோடுதான் அவள் உள்ளே வந்து, என் பக்கத்தில் நின்று, எனக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுத்திருக்கிறாள்.

"கழுவிட்டேன், மல்லிகா" என்றேன். காலிக் கூரைக்கு என் குரல் எட்டியிருக்கும். உள்ளே அடுப்பில் சம்பல் தீய்கிறது என்று ஆறுமுகம் அண்ணன் கத்தினார். துடைப்பத்தை உதறி அவள் ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன்.